கண்ணாடி வாய்

பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கட்டும் சீட்டில்
மூன்றாவது எடுப்பு ருஃபினாவுக்கு.
பதினொன்றாவது எனக்கு.
வியாழக்கிழமைச் சந்தைக்குத் துணைக்கு வா என்றாள்.

மூடி போட்ட வாளியில் தண்ணீர்,
மகனுடைய கிரீஸ் படிந்த மெக்கானிக் சட்டை,
இரண்டையும் மினிபஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.
பார்க்கத்தானே போகிறோம், இதெல்லாம் எதற்கு என்றேன்.
பார்த்தால் அழுக்குப் போகுமா என்றாள்.

எல் ஆல்ட்டோவில் மூச்சுக்கே கூலி கேட்கும் உயரம்.
சிலி நாட்டுத் துறைமுகத்திலிருந்து லாரி ஏறி வந்த இயந்திரங்கள்
வெயிலில் வரிசையாக நிற்கின்றன,
யார் வீட்டு அழுக்கையோ மறந்துவிட்டு.

அவள் விற்பவனிடம் போகவில்லை.
நாலு கடை தள்ளி, தரையில் உட்கார்ந்து
மோட்டார் பிரித்துக்கொண்டிருந்த இலாரியோனிடம் போனாள்.
எது ரிப்பேருக்கு வராது?
அவர் சிரித்தார்.
எல்லாம் வரும், அம்மா.
எது அன்றைக்கே வீடு திரும்புகிறது என்று கேளுங்கள்.

வில்பெரின் கடையில் ஒரே விலைக்கு இரண்டு.
ஒன்று
பழுப்பேறிய பல் நிறம், இரட்டைத் தொட்டி,
இரண்டே குமிழ், மூலையில் துரு.
மற்றது மூக்கும் முழியுமாக,
வெள்ளை வெளேரென்று,
வட்டக் கண்ணாடி வாய்,
பதினாறு பொத்தான்.
துவைத்து முடித்ததும் பாட்டுப் பாடும் என்றான் வில்பெர்.

ருஃபினா பழுப்பு நிறத்தின் முதுகைத் திறந்தாள்.
பெல்ட் எங்கே கிடைக்கும், எவ்வளவு,
வாளியால் ஊற்றினால் சுற்றுமா.
வடை மாதிரி எதையோ பொரித்துக்கொண்டிருந்தவளிடம்
ஒரு காசு கொடுத்து மின்சாரம் வாங்கினாள்.
தண்ணீர், சோப்பு, சட்டை.
அது ஒரு உறுமல் உறுமி
வில்பெரை நோக்கி ஒரு சாண் நடந்தது.
அவன் துள்ளி விலகினான்.
நடக்கிறது, கூலியாள் மிச்சம் என்றாள்,
கூலியாள் காசையும் விலையில் கழித்தாள்.

நான் அந்த நேரமெல்லாம் மற்றதன் முன்னால் நின்றேன்.
கண்ணாடியில் என் முகம் தெரிந்தது,
தொப்பியோடு.

எட்டு மாதம் கழித்து என் எடுப்பு வந்தது.
என்ன வாங்கினேன் என்று உங்களுக்குத் தெரியும்.
விலையைக் கணவர் செவெரோவிடம் இருநூறு குறைத்துச் சொன்னேன்,
ருஃபினாவிடம் வேறொரு தொகை.
உங்களிடம் சொல்லப்போவதில்லை.

எங்கள் சந்தில் குழாய்
விடியற்காலை நாலுக்கு வரும், சுண்டுவிரல் கனத்தில்.
கண்ணாடி வாய் குடிக்கப் பார்த்தது,
போதாது என்று சிவப்பாகக் கண்சிமிட்டியது.
மூன்று மொழிக் கையேட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார் செவெரோ.
தனக்குத் தெரிந்த ஒரு மொழியிலும்
அதையேதான் போட்டிருக்கிறது என்றார்.
மேலே திறந்து ஊற்றலாமென்றால் மேலே வாயில்லை.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை
குழாய்க்கு என்ன மனமிரங்கியதோ,
முழுதாகத் துவைத்து முடித்தது.
ஐந்து மணி நேரம்.
கடைசியில் பாடியது, பக்கத்து வீட்டு நாய் எதிர்ப்பாட்டுப் பாடியது.
உண்மையைச் சொல்ல வேண்டும்:
என் பாவாடையின் கொசுவத்தில்
அத்தனை வருடத்து அடுப்புப்புகை
ஒரு இழை இல்லை.
ருஃபினாவுடையது அப்படி வெளுக்காது.

இப்போது அதன் தலையில் ரொட்டிக்கூடை இருக்கிறது.
கூரையில் தொட்டி வைத்தால் சரியாகிவிடும்,
அழுத்தம்தான் பிரச்சினை என்கிறார் இலாரியோன்.
தொட்டிக்காக அடுத்த சீட்டில் பெயர் கொடுத்திருக்கிறேன்.
ஒன்பதாவது எடுப்பு.

அதுவரை சனிக்கிழமைதோறும்
மூட்டை கட்டிக்கொண்டு ருஃபினா வீட்டுக்குப் போகிறேன்.
பழுப்பு நிறம் அதே உறுமல்,
நடக்காமலிருக்கக் காலடியில் டயர்த் துண்டு.
அவள் ஒன்றும் சொல்வதில்லை,
அதுதான் தாங்க முடியவில்லை.
நேற்று மட்டும், பிழிந்த துணியை என் கூடையில் போட்டபடி கேட்டாள்:

பாட்டு எப்படி?

நன்றாக இருக்கிறது என்றேன்.