அச்சுக்குக் கீழே

வரைபடத்தாள் ஒன்று இரண்டு ரூபாய்.
ஒன்றுதான் வாங்கினேன். தப்புப் போட இடமில்லை.

வீட்டுப்பாடம்: நேரிய சமன்பாடு ஒன்றைச்
சொந்தமாக எழுதி வரைக.
சின்னப்பாலத்தில் எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.
எங்களுடையது
y = 9000 − 300x.

ஒன்பதாயிரம், சூசையருள் கம்பெனியில் வாங்கிய முன்பணம்.
முந்நூறு, அம்மாவின் பாசிக்காசில்
கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அவர் பிடித்துக்கொள்வது.
x, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு
பார்களுக்கிடையே அம்மா முங்கி எழும் நாள்கள்.

(0, 9000)
(10, 6000)
(30, 0)

கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும்.
மூன்றாவது, நம் கூட்டல் கழித்தல் மேல் நமக்குள்ள சந்தேகத்துக்கு.

ரமீலா எப்போதும் இடம் மாற்றிக் குறிப்பாள்:
(6000, 10) என்று.
ஐந்து நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் வைத்தால்
பன்னிரண்டு மீட்டர் தாள் வேண்டும் அவளுக்கு,
சத்துணவுக்கூடம் தாண்டிப் போகும்.
ஆறாயிரம் நாள் முங்கியும் பத்து ரூபாய் பாக்கி.
வகுப்பே சிரித்தது.
அவள் மட்டும், இதுவும் சில வீட்டுக் கணக்குதான் என்றாள்.

மரிக்கொழுந்துப் பாசி வாடையோடு வந்து
அம்மா தாளைக் குனிந்து பார்த்தாள்.
சொட்டிய நீரில் ஒரு கட்டம் ஊறியது.

"முப்பதாம் நாளு தீந்துருமா?"
"தீந்துரும்."
"எந்த முப்பது? மாசத்துல பன்னெண்டு நாள்தான்டி எங்களுக்குக் கடலு.
காத்தடிச்சா அதுவும் இல்ல."

சரிதான். 30-ஐ அழித்துவிட்டு
இரண்டரை மாதம் என்று எழுதினேன்,
காற்றைக் கணக்கில் சேர்க்காமல்.
கோடு அசையவில்லை.
அதே சாய்வு, அச்சை வெட்டும் அதே இடம்.
காத்திருப்புதான் நீண்டிருந்தது.

"கோடு தொட்டப்பெறகும் ஏன் கீழ போகுது?"
"அதோட நிக்காதும்மா. நுனியில அம்புக்குறி போடணும்."
"அங்க என்ன இருக்கு?"

நாற்பதை வைத்துப் பார்த்தேன்.
மைனஸ் மூவாயிரம்.

"அங்க கம்பெனிதான் ஒனக்குத் தரணும். மூவாயிரம்."

அம்மா சுற்றிய துணியை அவிழ்க்கவில்லை.
ஈர விரலால் ஸ்கேலின் மறுமுனையை அழுத்திப் பிடித்தாள்.
"இழு" என்றாள்,
"தாளு முடியிற மட்டும் இழு."