கிர்யா

கிர்யா என்றால் புத்தகம்.
பின்லாந்தில் அப்படித்தான்.
கிழக்கே, லூகா ஆறு கடலில் விழும்
இங்ரியக் கரையிலும் அப்படித்தான்.

ஆனால் புத்தகத்துக்கு முன்பே
சொல் வந்து சேர்ந்துவிட்டது.
காகிதம் இல்லாத அத்தனை காலமும்
எங்கே தங்கியிருந்தது என்று தேடினேன்.
பசுவின் விலாவில், வெள்ளையும் கருப்புமாக.
மரங்கொத்தியின் முதுகில்.
சட்டைத் தோளில், ஊசி போன வழியில்.
பல நிறம் என்பதற்கும்
பூவேலை என்பதற்கும்
எழுது என்பதற்கும் அதுவே வேர்.
அதற்கும் கீழே தெரியவில்லை,
மண் மூடிவிடுகிறது.
(நாமும் கண்ணுக்கு மை எழுதியவர்கள்தானே.)

முப்பத்தேழாம் ஆண்டு, உருளைக்கிழங்கு தோண்டும் மாதம்.
பள்ளி அலமாரியைக் காலி செய்துவிட்டு
வீடு வீடாக வந்தார்கள் இருவர்.
இங்ரியத்தில் அச்சான எதுவும் இருக்கக்கூடாது.
மூத்தவனுக்கு அம்மொழியில் ஒரே ஒரு சொல் தெரியும்.
"கிர்யா?" என்றான்.
பலாகா ஜன்னலைக் காட்டினாள்.
வேலியோரம் அசைபோட்டு நின்றது
கிர்யோ, அவள் புள்ளிப் பசு.

இளையவன் சிரித்துவிட்டான்.
மூத்தவன் மாவுப் பெட்டியை நகர்த்தினான்.
அடியில் இருந்தது அரிச்சுவடி,
எலி கடித்த மூலையோடு.
அட்டை உள்பக்கம் ஐந்து இடத்தில்
பையன் தன் பெயரை எழுதிப் பழகியிருந்தான்.
எடுத்துக்கொண்டார்கள்.
கையில் ஒட்டிய மாவை
அடுப்போரத் துவாலையில் துடைத்தார்கள்,
சிவப்பில் எதிரெதிர் நிற்கும் பறவைகள் மேல்.
நூலைத் தேடி வந்தவர்கள்
நூலைப் பார்க்கவில்லை.

பலாகாவுக்குப் படிக்கத் தெரியாது.
ஆனால் மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து
உருளைக்கிழங்கு சீவியபடி
அந்த ஐந்து பெயரையும் பார்த்திருந்தாள்.
பனி விழுவதற்குள்
பறவைகளுக்குக் கீழே தைத்து முடித்தாள்:
மீத்ரெய்.

பையன் விரலால் தடவிப் பார்த்தான்.
எல்லாம் சரி.
ரகர எழுத்து மட்டும்
முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.
பிரிக்கவா என்றாள். வேண்டாம் என்றான்.

குளிர்காலத்தில் பள்ளி திறந்தது.
புது ஆசிரியை, ரஷ்ய எழுத்து.
நெடுங்கணக்கின் கடைசியில்
சுண்ணாம்புக்கட்டியால் அவள் போட்டது
அதே திரும்பிய உருவம்.
"யா," என்றாள். "நான் என்று பொருள்."

மீத்ரெய் கை தூக்கவில்லை.
அது தன் வீட்டுத் துவாலையில்
ஏற்கனவே இருப்பதை
யாரிடமும் சொல்லவில்லை.