நிழல் குட்டையான நேரம்

வஃப்ராவில் ஆறாம் நம்பர் கொட்டகைக்கு
ஜன்னல் கிடையாது.
பகல் என்பது சுவரில் ஒரு பெட்டி.
அதிகாலை மூன்றுக்கு விடியும்,
இரவு ஏழுக்கு இருட்டும்.
வெளியே கதவின் கம்பியைத்
துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும்.

மே மாதம் முட்டை தோலோடு வந்தது.
தோல் என்றால் தோல்தான், ஓடே இல்லை.
எடுத்தால் விரல் பதிந்தது.
உட்கார்ந்த கோழிகள் எழவில்லை.
டாக்டர் ஹுசாம் ஒன்றை அறுத்து
நெஞ்செலும்பை வளைத்துக் காட்டினார்.
முறியவில்லை, வளைந்தது,
ரப்பர் செருப்பின் வார் மாதிரி.
சுண்ணாம்பு தின்கிறது, உடம்பு பிடித்துக்கொள்ளவில்லை என்றார்.
தீவனத்தில் கலக்கும் வைட்டமின்
வெளியே அடுக்கிய மூட்டையிலேயே வெந்து செத்துவிட்டது என்றார்.
மிச்சத்துக்கு வெயில் வேண்டும், அதுவும் இல்லை என்றார்.
நான் சிரித்துவிட்டேன்,
குவைத்தில் நின்றுகொண்டு.

பிறகு புறஊதாக் குழல்கள் வந்தன.
நம் கண்ணுக்கு லேசான கத்தரிப்பூ நிறம், அவ்வளவுதான்.
கோழிக்கு அது வேறாம்,
நம்மிடம் பெயரில்லாத ஒரு நிறமாம்.
இறகு தடுத்துவிடும்,
கால் தோலில்தான் இறங்கும்,
தாழக் கட்டுங்கள் என்றார்.
முழங்கால் உயரத்தில் கட்டினோம் ஒரு சூரியனை.

முதல் நாள் நான் உள்ளே போனதும்
மொத்தக் கொட்டகையும் சுவரோரம் ஒதுங்கியது.
உன் பனியன், என்றான் மொக்லேஸ்.
குனிந்து பார்த்தேன்.
சோப்புத்தூள் நீலமாக எரிந்துகொண்டிருந்தது.
மூன்று வருஷம் தீனி போட்டவன்
அன்றைக்கு யாரோ.
மறுநாளிலிருந்து பழுப்புச் சட்டை.

விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்தபோது
எனக்கு ஒன்பது.
முப்பதாவது இருக்க வேண்டுமாம்.
முட்டி வலிக்குமே, என்றாள் லேப் ஜெஸிந்தா.
வலிக்கும்.
பஸ்ஸில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறது என்றேன்.
தாளே வேண்டாம், கண்ணாடியே தடுத்துவிடும் என்றாள்.
உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிறதா,
அப்போதுதான் உடம்பில் அது ஊறும்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பதினொன்றிலிருந்து நாலுவரை வெளியே வேலை கூடாது,
சட்டம், நல்ல சட்டம்.
மற்ற நேரம் கொட்டகை.
என் குட்டை நிழலை நான் பார்த்தே
வருஷக்கணக்கு ஆகியிருக்கும்.

வாரம் ஒரு மாத்திரை கொடுத்தாள்.
அட்டையின் பின்னால் பொடி எழுத்து:
ஆட்டுக் கம்பளிக் கொழுப்பிலிருந்து.
புது மூட்டையின் சீட்டிலும் அதே பெயர், அதே மூன்று.
எங்கோ செம்மறியைக் கத்தரித்து,
மயிரை அலசி, அலசிய தண்ணீரின் பிசுக்கை வழித்து,
அதற்கு விளக்கு காட்டுகிறார்கள்.
அது பாதி கோழிக்கு, பாதி எனக்கு.
ஆடு இதற்குள் புது மயிர் வளர்த்திருக்கும்.

ஜூலையில் நாங்களும் திருடினோம்.
மூன்று மணிக்கு விளக்கு எரிந்ததும்
நான் தரையில் உட்கார்ந்து கையை நீட்டுவேன்,
மொக்லேஸ் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டுவான்.
கோழிகள் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும்.
ஹுசாம் ஒருநாள் பார்த்துவிட்டார்.
கோபம் வரவில்லை.
கண்ணை மூடுங்கள், பத்து நிமிஷம் போதும்,
அதற்கு மேல் தோல் உரியும், என்றார்.

முட்டை கெட்டியானது.
தட்டில் வைத்தால் சத்தம் வந்தது, டக்.
என் எண் பதினேழு.

எழுபத்திரண்டு வாரம் முடிந்த கோழிகளுக்கு
ஆகஸ்டில் லாரி வந்தது.
சூடு ஏறுமுன் ஏற்ற வேண்டும், காலை ஐந்தரை.
கூடையிலிருந்து ஒன்று நழுவி
மணலில் குதித்தது.
ஓடவில்லை.
ஒரு காலைத் தூக்கினபடி நின்றது,
மஞ்சள் காலில் முதல் வெயில்.
இறக்கையை விரித்துப் பக்கவாட்டில் சரிந்தது,
விளக்கின் கீழே சரியுமே, அதே போல.

அதன் நிழல் வேலிவரை நீண்டு கிடந்தது.
அந்த நேர வெயிலில் அது இருக்காது.
எனக்குத் தெரியும்.
மொக்லேஸ் பிடிக்க வந்தான்.
இரு, என்றேன்.