நான்கு திருகுத் துளைகள்

புதுப் பெட்டி வந்துவிட்டதென்று
சனிக்கிழமை மெர்பேங்கில்
பூவலிங்கத்தின் கராஜில் கூடினோம்.
கார் வெளியே வெயிலில் நிற்கத் தொடங்கி ஒன்பது வருடம்.
அது நிற்க வேண்டிய இடத்தில்
லேடிஸ்மித் இருக்கிறது, எஸ்ட்கோர்ட் இருக்கிறது,
பிளைவுட் மலைமேல் மரத்தூள் புல் முளைத்திருக்கிறது.

விலை ஆறாயிரத்து நானூறு ரேண்ட்.
மனைவியிடம் மூவாயிரம் என்று சொல்லியிருக்கிறான்.
டீ கொண்டுவந்த தேவயானி
"மூவாயிரமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.
முப்பது வருடம் கணக்குத் தணிக்கை செய்தவள் நான்.
டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்றேன்.

பிரிக்காமல் வைத்தால்
ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்றான் ஃபானி.
அவன் வீட்டு அலமாரியில் எழுபது எஞ்சின்கள்
இன்னும் பிறக்காமல் இருக்கின்றன.
பூவலிங்கம் கத்தியை எடுத்தான்.
அந்த ஒரு கீறலில் எண்ணூறு ரேண்ட் போனது.

சிவப்பும் சாம்பலும். முதல் வகுப்பு.
ஜன்னலுக்குள் பச்சை இருக்கை,
வாஷ்பேசின் கூட உண்டு.

பிறகு என் முறை.
சமையலறைத் தராசில் நூற்றெண்பத்திரண்டு கிராம்:
வளைவில் கவிழாது.
சக்கர இடைவெளி, காலிப்பரில் சரி.
அறுபத்துநான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால்
பதினாறரை மில்லிமீட்டர் தண்டவாளத்தில்
இந்த நாட்டு அகலம் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும்.
கிட்டத்தட்ட என்ற சொல்லால்
இந்தக் கராஜில் இரண்டு நட்புகள் முறிந்திருக்கின்றன.

கூரையோர ஆணித்தலைகளை
பூதக்கண்ணாடியில் எண்ணினேன். நாற்பத்திரண்டு.
வரைபடத்தில் நாற்பத்துமூன்று.
"ஒன்றுதானே" என்றான் பூவலிங்கம்.
ஒன்றுதானே என்று தொடங்கி
ஒரு சர்க்கரைக் கம்பெனி மூழ்கியதைப் பார்த்திருக்கிறேன்.
குறித்துக்கொண்டேன்.

சிபுசிசோ அதுவரை வாய் திறக்கவில்லை.
ராஸ்பர்க் யார்டில் ஷண்டராக இருந்தவர்.
எடை கேட்கவில்லை. எண்ணவில்லை.
கதவருகே விரல் வைத்தார்.
"இங்கே இருந்த பலகை எங்கே?"

குனிந்தோம்.
பலகை இல்லை.
அதைப் பூட்டிய திருகுகளின் துளைகள் மட்டும்
நான்கு,
ஊசி முனையளவு,
மூலைக்கொன்றாக, அத்தனை கச்சிதமாக.

மியூசியத்தில் நிற்கும் பெட்டியை அளந்திருப்பார்கள்.
கழற்றிய பின் எஞ்சியதை
நேர்மையாகப் பிரதி எடுத்திருக்கிறார்கள்.
ஆனால் ஓரத்தில், பொடி எழுத்தில்,
பெயின்ட் அடித்த தேதி: ஏப்ரல் 1978.

எழுபத்தெட்டு ஏப்ரலில் எனக்குப் பதினாறு வயது.
அந்தப் பலகையை நான் முழுதாக வாசித்ததே இல்லை.
வாசிப்பதற்குள் கால் தானாக
அடுத்த பெட்டிக்கு நடந்துவிடும்.

"நான் அச்சடித்துத் தருகிறேன்" என்றான் ஃபானி,
"இரண்டு மொழியிலும். அரை மில்லிமீட்டர் எழுத்து."
சொன்ன பிறகு காது சிவந்தது.
"என் லேடிஸ்மித்தில் வேண்டாம்" என்றான் பூவலிங்கம்.
"அப்படியானால் தேதியை அழி" என்றார் சிபுசிசோ.
"தேதியை அழித்தால் ஐந்நூறு குறையும்."
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்சம் பொறுத்து சிபுசிசோதான் சிரித்தார்.

நோட்டில் எழுதினேன்:
ஆணித்தலை, ஒன்று குறைவு.
ஆண்டு பொருந்தவில்லை.
மதிப்பு என்ற கட்டத்தில் பென்சில் நின்றது.

ரயிலின் வாலில் கோத்து ஓடவிட்டோம்.
நன்றாகத்தான் ஓடியது. சத்தமில்லை, தள்ளாட்டமில்லை.
எஸ்ட்கோர்ட் தாண்டி
சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கரண்ட் போனது.
லோட்ஷெடிங், நான்கு மணி அட்டவணை.
இங்கே அது ஒன்றுதான் நேரம் தவறுவதில்லை.

இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.
ரிஃபைனரிப் பக்கம் நிஜச் சரக்கு ரயில் ஒன்று போனது.
சுவரில் ஸ்க்ரூடிரைவர்கள் கிணுகிணுத்தன.
சத்தத்தை வைத்து எத்தனை பெட்டியென்று எண்ணினேன், பழக்கம்.
முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

பிளைவுட் மலைக்குள் தோள்வரை கைவிட்டு
பூவலிங்கம் துழாவிக்கொண்டிருந்தான்.
"கதவுப் பக்கம் பிடிக்காதே" என்றார் சிபுசிசோ,
"துளைகளில் அழுக்கு ஏறிவிடும்."