சரி, தவறு, தெரியாது

இருபத்தேழு கேள்விகள்.
மூன்று கட்டங்களில் ஒன்றில் மட்டும் குறியிடவும்.
ரிகா நகரத்தின் யுக்லா முனையத்தில், ஓட்டுநர் அறையில்,
ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள் வெல்கா.
அவளுடைய அடுத்த டிராமுக்கு நாற்பது நிமிடம்.
வெளியே மைனஸ் பதினொன்று.

சிறுநீர்ப்பை எங்கே இருக்கிறது?
பெல்ட் கொக்கிக்குக் கீழே விரல் முட்டியால் தட்டினாள்,
உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பவள் போல.
"இங்கே. போட்டுக்கொள்."

குளிர்ந்த கல்லில் உட்கார்ந்தால் அதற்கு நோய் வரும்.
"சரி." யோசிக்கவே இல்லை.
என் விடைத்தாளில் அது தவறு.
காலையில் பனி படிந்த பெஞ்சில் உட்காராமல்
நின்றே நான் டிராமுக்குக் காத்திருந்தது
விடைத்தாளுக்குத் தெரியாது.

நெடுநேரம் அடக்கிவைப்பது கெடுதல்.
"சரி."
போதிய தண்ணீர் குடிக்க வேண்டும்.
"சரி."
ஒரு மதிப்பெண். இன்னொரு மதிப்பெண்.
மேசைமேல் அவளுடைய தண்ணீர்க் குப்பி,
மூடி திருகப்படாமல்.

"நாலரை மணிக்குக் காபி, பாதிக் கோப்பை," என்றாள்
நான் கேட்காமலே.
"அப்புறம் பதினொன்று வரை ஒன்றுமில்லை.
பாலத்தில் போகும்போது ஆற்றைப் பார்க்க மாட்டேன்.
குளிர்காலம் தேவலை, உறைந்து கிடக்கும்.
ஏப்ரலில்தான் ஓடி ஓடிக் கொல்லும்."

பிறகு ஒப்பிக்கத் தொடங்கினாள்:
எந்தப் பெட்ரோல் பங்கில் கேட்டவுடன் சாவி கிடைக்கும்,
எந்தப் பூக்கடைக்காரி
முகத்தைப் பார்த்தே திரையை விலக்குவாள்,
எந்தச் சர்ச்சின் பின்கதவு செவ்வாய் மட்டும் திறந்திருக்கும்,
மூன்று நிமிடத்தில் போய்வர
எந்த மாதிரிக் கால்சட்டை உதவாது.
பயணிகள் கண்ணாடியைத் தட்டுவார்கள்.
ஒருவன் காலி இருக்கையைப் படமெடுத்து அனுப்பினான்.
அதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தாளாம்,
ஒரு பக்கம், நீல மையில்,
அந்த ஒரு சொல்லை எழுதாமல்.

இதற்கெல்லாம் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.
ஓரம் தீர்ந்தது.

இருபத்தேழுக்கு இருபத்திரண்டு.
"பாஸா?"
நல்ல மதிப்பெண், என்றேன்.
"அப்படியே எங்கள் கால அட்டவணையையும் உட்காரவைத்துக் கேள்.
அது எத்தனை வாங்குகிறதென்று பார்ப்போம்."

கடைசியாக ஒன்று, மதிப்பெண் இல்லாதது:
இந்தக் கேள்விகளில் எதுவும் சங்கடம் தந்ததா?

"எனக்கா?
நீதான் அரை மணியாகக்
கால்மேல் கால் போட்டு, மாற்றிப் போட்டு,
ஆட்டிக்கொண்டிருக்கிறாய்."
ஜாக்கெட் பையிலிருந்து
மரக்கட்டை கட்டிய சாவியை எடுத்து நீட்டினாள்.
"முற்றத்துக்கு அந்தப் பக்கம்.
கதவைச் சற்றே தூக்கித் தள்ள வேண்டும். விளக்கு எரியாது.
இந்த முனையில் இதுவாவது உண்டு."

படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன்.
நான் வீட்டைவிட்டுக் கிளம்பியது ஆறு மணிக்கு.