இடது அடுப்பின் கதவு

பதூமியில் ஒன்பதாவது நாளாக மழை.
துறைமுகத்துக்கு எதிரே, மூன்றாம் மாடியில்
கப்பலுக்கு ஆள் எடுக்கும் அலுவலகம்.
அங்கே கேதினோ என்ற பெண்
என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு,
"உங்களைப் போல ஒரு சமையல்காரியைத்தான் தேடுகிறார்கள், லமாரா.
திங்களன்று அழைக்கிறேன்" என்றாள்.

எந்தத் திங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

கிணற்றில் போட்ட கல் என்பார்கள்.
கல்லாவது களக்கென்று ஒரு பதில் சொல்லும்.
நான் போட்டது மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சீட்டு,
மருத்துவச் சான்று, கடலில் பதினொரு ஆண்டுகள்,
சிரிக்காமல் எடுத்த புகைப்படம் நான்கு.

முதல் வாரம் ஞாபகப்படுத்தினேன்.
மூன்றாம் வாரம் நலம் விசாரித்தேன்.
ஐந்தாம் வாரம் "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கி
எதற்கு மன்னிப்பு என்று தெரியாமல் அழித்தேன்.
பழைய செய்திகளின் ஓரத்தில் நீலக் கோடுகள் இரண்டு.
படித்துவிட்டாள்.
படித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பாள்.
பொல்லாதவள் இல்லை;
அவள் மேசையில் நூறு லமாராக்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன்.
கப்பல்காரன் அவளுக்கும் பதில் சொல்லவில்லையோ என்னவோ.

அப்போதுதான் இன்னொருவன் எழுதினான்.
கேப்டன் ஹென்றி, பணியாளர் பிரிவு.
அவனிடம் நான் வேலை கேட்டதே இல்லை.
"அன்புள்ள அம்மையீர், வாழ்த்துகள், தேர்வாகிவிட்டீர்கள்."
மாதம் நாலாயிரத்து இருநூறு டாலர்.
அந்தக் காசுக்கு இரண்டு சமையல்காரிகளும்
உருளைக்கிழங்கு உரிக்க ஒருவனும் கிடைப்பார்கள்.
விசாவுக்கு மட்டும் முந்நூற்று எண்பது,
அதுவும் யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்கு, இன்றைக்கே.

பொய் என்று தெரிந்தது.
தெரிந்தும் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துடைத்தேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் கப்பலின் பெயர்:
செவெரின்கா.

செவெரின்காவில் நான் இரண்டு ஒப்பந்தக் காலம் சமைத்திருக்கிறேன்.
அதன் இடது அடுப்பின் கதவு மூடாது;
ஒரு முட்கரண்டியைச் செருகி வைப்பேன்.
பிஸ்கே வளைகுடாவில் சூப்புப் பானையைக் கயிற்றால் கட்டிவிட்டு
பக்கத்திலேயே உட்கார்ந்து வாந்தியெடுத்திருக்கிறேன்.
நான்கு வருடம் முன்பு அலியாகா கரையில் ஏற்றி
அதை அறுத்துவிட்டார்கள்.
பழைய போசன் படம் அனுப்பியிருந்தான்:
சமையலறைச் சுவர் திறந்து கிடக்க, உள்ளே பகல்.

கேட்டேன்:
"இடது அடுப்பின் கதவு இப்போது மூடுகிறதா, கேப்டன்?"

"எல்லாமே புது அடுப்பு, அம்மையீர். பணம் அனுப்பிவிட்டீர்களா?"

இரண்டே நிமிடத்தில் பதில்!
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
ஏழு வாரத்தில் என்னை ஒரு கேள்வி கேட்டவன் அவன் மட்டும்தான்.

மறுநாள் நகலெடுக்கும் கடையில் மெவ்லுதி.
என்ஜின் அறைக்காரன், எனக்கும் மூத்தவன் இல்லை.
கையில் அதே தாள், சற்றே சாய்ந்த அதே நங்கூர முத்திரை.
படகு மோட்டாரை விற்றுவிட்டானாம்.
"அந்தக் கப்பலே இல்லை மெவ்லுதி.
இந்நேரம் சவர பிளேடாகியிருக்கும்."

கோபம் வந்தது அவனுக்கு, என்மேல்.
"உனக்குக் கிடைக்கவில்லை என்ற வயிற்றெரிச்சல்" என்றான்.
கடைக்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.
முட்கரண்டிக் கதையைச் சொன்னேன்.
அறுந்த சுவரின் படத்தைக் காட்டினேன்.
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்,
எங்காவது ஒரு மூலையில்
கப்பல் மிச்சமிருக்கும் என்பதைப் போல.

பிறகு கேட்டான்:
"அனுப்பிய பணம் திரும்பி வருமா?"

நான் கேதினோவானேன்.
வாயில் ஒரு சொல் இல்லை.
விசாரித்துவிட்டுத் திங்களன்று சொல்கிறேன்
என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

"வராது" என்றேன்.