பெட்டி நிறைந்திருக்கும்போது மட்டும்

மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவார் செபமாலை,
முல்லைத்தீவில் ஏற்றிய மீன் வழிநெடுகத் தீர்ந்து
ரெஜிபோம் பெட்டிக்குள் செதில் மட்டும் மிஞ்சிய நேரத்தில்.
"தம்பி, திரும்பவும் ஹோண் செத்துப்போச்சு."

பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பேன்.
கண்ணாடிக் குழாய்க்குள் இழை அறுந்து
ஓரம் புகைபிடித்திருக்கும்.
புதியதைப் போட்டுச் சாவியைத் திருப்பினால்
மாங்குளம் சந்தி திரும்பிப் பார்க்க அடிக்கும்.
ஹாண்டிலை இடமும் வலமும் முறிப்பேன்.
சீற்றைக் கழற்றி வயர்களை ஒவ்வொன்றாய் ஆட்டுவேன்.
மீற்றரின் முள் அசையாது,
விசாரணையில் வாய் திறக்காதவன் மாதிரி.

ஆறு பியூஸ். ஒரு பிளாஷர். ஒரு சாவிப்பூட்டு.
ஐப்பசியில் மழையைக் குற்றம் சொன்னேன்.
மார்கழியில் எலியை.
தையில், ஹோண்தான் பிழை என்று முடிவுகட்டி
புதிதொன்று போட்டேன். கொழும்புச் சாமான்,
குரல் கொஞ்சம் கீச்சு.
கழற்றியதை மேசைக்குக் கீழே எறிந்தேன்.

ஹோண் இல்லாத மீன்காரன் வாயால் கூவவேண்டும்.
கரிப்பட்டமுறிப்பில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கூவி,
மாட்டி, அடுத்த ஒழுங்கையில் மறுபடி கழற்றிக் கூவி
தொண்டை கட்டிப்போயிருந்தது மனுசனுக்கு.
இன்னொன்றும் சொன்னார், நான் காதில் போடவில்லை:
"ஒலுமடுவிலை நான் போகமுன்னமே
சனம் சட்டியோடை வந்து பாத்திட்டுத் திரும்புதாம்.
நான் போகேக்கை படலையிலை ஒருதரும் இல்லை."

நேற்று அவர் போன பிறகு
மூடியின் கடகடப்பு மட்டும்
ஒட்டுசுட்டான் றோட்டில் தேய்ந்துகொண்டே போனது.
வெறும் பெட்டி.
எட்டு மாதமாய் நான் சோதித்ததெல்லாம்
வெறும் பெட்டி.

கூப்பிட்டேன். போன் இரண்டாந்தரம் எடுத்தார்.
"நாளைக்கு விக்கமுன்னம் வாங்கோ."
"ஐஸ் கரையும்."
"கரையட்டும்."

இன்று ஏழரைக்கு வந்தார்,
நாற்பது கிலோ சூடையும் பாரையும்,
பின்னால் இலையான்.
பியூஸ் இருந்த இடத்தில் பிறேக் பல்ப் ஒன்றைப் பொருத்தி
பெற்றோல் ராங்கின்மேல் ரேப்பால் ஒட்டினேன்.
சோட் விழுந்தால் பியூஸ் சாகும். பல்ப் எரியும்.
அவரைக் கராஜில் இருத்திவிட்டு நானே ஓடினேன்.

தார் றோட்டில் ஒன்றுமில்லை.
கிரவல் ஒழுங்கைக்குள் இறக்கினேன்.
முதல் பள்ளம், இருட்டு. அடுத்ததும் இருட்டு.
மதகடியில் பின்சில்லு விழுந்து எழும்ப
தொடைக்கு முன்னால் பளிச்சென்று
மின்னி அணைந்தது.
திருப்பிக்கொண்டு வந்து அதே பள்ளம். மின்னியது.
ஐஸ் தண்ணி முதுகில் தெறிக்கத் தெறிக்க
ஒரே பள்ளத்தில் ஏழு தரம் விழுந்தேன்.
வேலிக்குள்ளால் ஒரு பெண், "என்ன விலை?" என்று கேட்டாள்.

பெட்டியை இறக்கி மட்காட்டுக்குக் கீழே படுத்தேன்.
கரியரைப் பிடித்திருந்த போல்ட்
நட்டைத் தாண்டி அரை அங்குலம் நீண்டு
பாரம் அமுக்கும்போது மட்டும் வயர்க்கட்டைக் கடித்து
மண்ணிற வயரின் தோலை உரித்திருந்தது.
அரிசியளவு செம்பு.
புரியில் பச்சைப் பெயின்ற்.
அந்தப் பச்சை மாங்குளத்தில்
இந்தக் கராஜில் மட்டும்தான் இருக்கிறது.
வைகாசியில் கரியர் ஒட்டிக்கொடுத்தவன் நான்.
கட்டைப் போல்ட் அன்றைக்குக் கையில் இல்லை.

ஆக்சோவால் அறுத்தேன். ரேப் சுற்றினேன்.
சொல்லாமல் விடலாம்,
மட்காட்டுக்குக் கீழே குனிகிற ஆள் இல்லை அவர்.
"அண்ணை, போல்ட் நான் போட்டது."

செபமாலை ஐஸைக் கிளறினார்.
"ஆறு பியூசுக்கும் காசு தந்தனான்."
"ஓம்."
"பிளாஷருக்கும்."
"ஓம்."
"என்ரை பழைய ஹோண் எங்கை?"

மேசைக்குக் கீழே தேடத் தேவையில்லை.
போன கிழமைக்கு முதல் கிழமை விற்றேன்,
எழுநூறு ரூபாய்க்கு, ஒரு லாண்ட்மாஸ்ரருக்கு.
ஒலுமடுப் பெடியன்.
விடிய ஆறு மணிக்கு எரு ஏற்றிக்கொண்டு
படலை படலையாய் அடித்தபடி போகிறவன்.